துருப்பிடித்த நட்டும் என் மாமனாரும்

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அப்போது நாங்கள் திருவண்ணாமலையை ஒட்டி வேங்கிக்காலில் இருந்தோம். கலெக்டர் ஆபீஸைத் தாண்டி உள்ளே போனால், வீடுகள் அப்போதுதான் புதுசு புதுசாக முளைத்துக்கொண்டிருந்த ஒரு நகர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெறும் காலி மனைகள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். இப்போது ஓசூரில் அடுக்குமாடி வீட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறைக் குழாய்தான் தெரிகிறது. அதனாலோ என்னவோ, அந்த ஜன்னலும் அதன் வழியாக நான் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகின்றன.

எங்களுடையது ரெண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்திருந்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். என் கணவரைப் பார்த்தது அங்கேதான். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டோம். என் பிறந்த வீட்டுக் கதவு அன்றைக்கே சாத்திக்கொண்டது. அவர் வீட்டில் மாமியார் மட்டும், "ஆம்பளப் புள்ளனு ஒண்ணே ஒண்ணு, எங்க போவான்?" என்று அழுது சண்டைபோட்டு எங்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். நான் வேலையை விட்டுவிட்டு வேங்கிக்காலுக்கு வந்து அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கணவர் ஸ்ரீபெரும்புதூரிலேயே ரூம் எடுத்துத் தங்கி, லீவு கிடைக்கும்போது வருவார்.

மாமனார் ரிட்டயர்டு சர்வேயர். நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்து ஒன்றரை வருஷம் ஆகியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை. திட்டியிருந்தால்கூட பதிலுக்கு அழுதிருக்கலாம். நான் மூணடி தள்ளி நிற்பேன். அவர் மாமியாரைப் பார்த்து, "மோட்டார் ஓடிக்கினே இருக்குதுனு சொல்லு" என்பார். மாமியார் என் பக்கம் திரும்பி, "மோட்டார் ஓடுதாம்மா" என்பார். நான் போய் நிறுத்துவேன்.

அந்த மாசி மாசத்தில் நாத்தனாருக்குப் பிரசவம் என்று மாமியார் ஆரணிக்குப் போய்விட்டார். வீட்டில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். சமைத்து, மேஜையில் மூடி வைத்துவிட்டு நான் உள் அறைக்குப் போய்விடுவேன். அவர் வந்து தானே போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். எனக்கு வேலை மிச்சம் பண்ணுகிறாரா, என் கை அந்தத் தட்டில் படக்கூடாது என்று நினைக்கிறாரா, அது கடைசிவரை புரியவில்லை.

அந்த வீட்டுப் பின்பக்கம் ஒரு பைக் நின்றிருந்தது. சர்வேயர் வேலைக்கு வந்த புதுசில் மாமா வாங்கினது. சுற்றுவட்டாரத்தில் அது போகாத கிராமம் இல்லை என்பார் மாமியார். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் மாமா அதை எடுக்கவே இல்லை. சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் போகவில்லை. போனால் கேட்பார்களே. வண்டி தார்ப்பாய்க்கு அடியில் ரெண்டு மழைக்காலம் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் முன்னால் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் தங்கச்சி போன் பண்ணியிருந்தார். எங்கள் கல்யாணத்தோடு அந்த அத்தையும் இந்த வீட்டோடு பேச்சை நிறுத்தியிருந்தவர்தான். திங்கட்கிழமை பேரனுக்குக் காது குத்து, தாய்மாமன் முறைக்கு ஆள் இருந்தாலும் அண்ணன் நீ வராமல் எப்படி என்று ஒரே அழுகை. மாமா போனில் சத்தமாகத்தான் பேசுவார். "வர்றேம்மா. வண்டிய எடுத்துக்கினே வர்றேன்" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது எனக்கே கேட்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் தார்ப்பாயை விலக்கிவிட்டார். பின் டயர் தரையோடு அப்பிக் கிடந்தது. ட்யூப் மக்கிப்போயிருக்க வேண்டும். சக்கரத்தைக் கழட்டினால்தான் ட்யூப் மாற்ற முடியும். பின்சக்கரத்துக்கு நடுவில் குறுக்காக ஒரு நீள போல்ட் போகும். ஒரு பக்கம் போல்ட்டின் தலை, இன்னொரு பக்கம் நட்டு. அந்த நட்டு துருவேறிக் காவிக்கல் மாதிரி இருந்தது.

நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தேன். ஒரு பழைய ஸ்பேனரை மாட்டித் திருகினார். அசையவில்லை. தேங்காயெண்ணெய் விட்டார். அசையவில்லை. ஸ்பேனர் மேல் சுத்தியால் அடித்தார். அது ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் நட்டின் முனைகள் மழுங்கிக்கொண்டே வந்தன. இன்னும் பத்து அடி அடித்தால் நட்டு உருண்டையாகிவிடும். அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதோடு, நடுநடுவே அவர் திருகும்போது நட்டோடு சேர்ந்து போல்ட்டே மொத்தமாகச் சுற்றியது. அந்தப் பக்கத் தலையைப் பிடிக்காமல் ஆயுசுக்கும் கழட்ட முடியாது.

எனக்குக் கை பரபரத்தது. ஆனால் போய் எப்படிச் சொல்வது? கணவருக்குப் போன் போட்டேன். அவருக்கு அன்றைக்கும் ஷிஃப்ட்.

"உங்க அப்பாகிட்ட சொல்லுங்க, அந்தப் பக்கம் போல்ட்டும் சேந்து சுத்துது, அத ஒரு ஸ்பேனர் போட்டுப் புடிக்கணும்னு."

ஒரு நிமிஷத்தில் பின்பக்கம் மாமாவின் போன் அடித்தது. எடுத்தார், கேட்டார். மெதுவாக சமையலறை ஜன்னலைப் பார்த்தார். நான் சட்டென்று குனிந்துகொண்டேன். "சரி, இந்த நட்டையே புடிக்க முடியல. ரெண்டு பக்கமும் நானே எப்படிப் புடிக்கிறது, அத கேளு" என்றார்.

என் போன் அடித்தது. "ரெண்டு பக்கமும் எப்படிப் புடிக்கிறதுன்னு கேக்கறார்."

"காதுல விழுந்துது. மொதல்ல சுத்தியல கீழ வைக்கச் சொல்லுங்க."

இருபது அடி தூரத்தில் இருக்கிற ரெண்டு பேர் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பேசிக்கொண்டோம். மூணாவது தடவை கணவருக்குப் பொறுமை போய்விட்டது. "சூப்பர்வைசர் என்னையே பாத்துக்கினு இருக்காரு. ஒண்ணு நீ வெளிய போ, இல்ல அவர உள்ள வரச் சொல்லு. என்னால முடியாது" என்று வைத்துவிட்டார். அதையே அப்பாவிடமும் சொல்லியிருக்க வேண்டும். மாமா போனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பரண் மேல் என் பெட்டி இருந்தது. ஃபேக்டரியை விட்டு வரும்போது என் சொந்த ஸ்பேனர் செட்டைக் கொண்டுவந்திருந்தேன். கல்யாணப் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். மாமா ஓரடி நகர்ந்து வழிவிட்டார்.

கேட்டுக்குப் பெயின்ட் அடித்த மிச்ச தின்னர் இருந்தது. அதில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலைக் கலந்து, நட்டு மேலும் போல்ட்டைச் சுற்றியும் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஃபேக்டரியில் அவசரத்துக்கு நாங்கள் செய்துகொள்ளும் கலவை அது. நட்டுக்குள் இருக்கிற மரைச் சுற்றில் இறங்குவதற்கு நேரம் ஆகும். "ஒரு மணி நேரம் ஊறணும்" என்று வண்டியைப் பார்த்துச் சொன்னேன். அவரும் வண்டியைப் பார்த்தே தலையாட்டினார்.

அந்த ஒரு மணி நேரம் பெரிய சோதனை. உள்ளே போய்விட்டால் திரும்ப வெளியே வர எனக்குத் தைரியம் வராது. டீ போட்டு எடுத்துவந்து துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டார். நான் படியில் உட்கார்ந்தேன். காலி மனையில் ரெண்டு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மலை உச்சியில் மேகம் இல்லாத நாள். அவர் மாடுகளிடம் சொல்வது மாதிரி பேச ஆரம்பித்தார்.

"இந்த வண்டில ஒரு பக்கம் அளக்கற சங்கிலி, ஒரு பக்கம் சோத்து மூட்ட. ஏரில தண்ணி வந்து ரோடு முங்கிப்போச்சுன்னா, வண்டியத் தலைல தூக்காத குறைதான்."

வண்டியைத் திரும்பிப் பார்த்து, "ஒரு நாளு கூட நடுவழில நிறுத்தினது இல்ல" என்றார்.

"நல்ல இன்ஜின் மாமா. துருதான். உள்ள ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன். மாமா என்று நான் நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

ஒரு மணி நேரம் ஆனது. இங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு மமதை வந்துவிட்டது. ஒன்றரை வருஷம் இந்த வீட்டில் ஒன்றுக்கும் ஆகாதவள் மாதிரி நின்றவள், இன்றைக்குக் காட்டிவிட வேண்டும் என்று. நட்டை நாலாபக்கமும் கவ்வுகிற ரிங் ஸ்பேனரை நான் எடுத்துக்கொண்டேன். அதன் கைப்பிடியில், வீடு கட்டும்போது மிஞ்சிய இரும்பு பைப் துண்டை மாட்டினேன். நீளம் கூடினால் பலம் கூடும். அவரிடம் வாய் தேய்ந்த அந்தப் பழைய ஸ்பேனரே இருந்தது. "அந்தத் தலையக் கெட்டியா புடிச்சுக்கங்க மாமா" என்று சொல்லிவிட்டு, முழு உடம்பையும் போட்டு பைப்பை இழுத்தேன்.

அவர் பிடித்திருந்த ஸ்பேனர் வழுக்கியது. கை போய் சைலன்சரில் மோதியது. விரல் முட்டிகள் நாலும் உரிந்து ரத்தம் கொட்டியது.

ஃபேக்டரியில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம்: இழுக்கும் முன்னால், வழுக்கினால் கை எங்கே போகும் என்று பார். என் கையை நான் பார்த்துக்கொண்டேன். அவர் கையைப் பார்க்கவில்லை. போச்சு, எல்லாமே போச்சு, இனி இந்த ஆள் ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்தேன். "என் தப்புதான் மாமா, என் தப்புதான்" என்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

அவர் கையை உதறிக்கொண்டு குழாயடிக்குப் போனார். தண்ணீரில் நீட்டிக்கொண்டே, என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா அழுவுற? வேல செஞ்சா அடிபடத்தான் படும். பஞ்சு எங்க இருக்குது பாரு."

ஒன்றரை வருஷத்தில் என்னிடம் அவர் நேராகப் பேசின முதல் பேச்சு அது. பஞ்சால் துடைத்து, மருந்து போட்டுத் துணி சுற்றினேன்.

கட்டுப் போட்டு முடித்ததும், "இப்ப சொல்லு, எப்படி செய்யணும்?" என்றார்.

என்னுடைய நல்ல ஸ்பேனர் ஒன்றை அந்தப் பக்கம் தலையில் மாட்டி, அதன் வால் வண்டியின் சட்டத்தில் போய் முட்டி நிற்கிற மாதிரி வைத்தேன். யாரும் பிடிக்கத் தேவையே இல்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் அவர் கை தப்பித்திருக்கும். அதையும் வாய்விட்டுச் சொன்னேன். அவர், "சரி சரி" என்று மட்டும் சொன்னார்.

"மொதல்ல கொஞ்சம் இறுக்கணும் மாமா."

"கழட்டறதுக்கு இறுக்குவாங்களா?"

"துரு மொதல்ல உடையணும். எந்தப் பக்கம் உடைஞ்சா இன்னா?"

அவர் யோசித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார். கட்டுப் போட்ட கையை பைப் மேல், என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். ரெண்டு பேருமாக ஒரு இழுப்பு இறுக்கினோம். மறுபடி ஆயில் விட்டேன், சுத்தியால் நட்டைச் சுற்றி லேசாகத் தட்டினேன். அப்புறம் ஸ்பேனர்களை மாற்றிப் போட்டு, கழட்டுகிற பக்கமாக இழுத்தோம். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை. "டக்" என்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

ரெண்டு பேரும் அப்படியே நின்றோம். போல்ட் முறிந்துவிட்டது என்றே நினைத்தோம். நான் மெதுவாக விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். நட்டு கால் சுற்று திரும்பியிருந்தது. இடுக்கில் சிவப்பாகத் தூள் உதிர்ந்தது.

"கழண்டுச்சு மாமா!"

மாமா சிரித்துவிட்டார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முன்பல்லில் ஒன்று இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

போல்ட்டைத் தட்டித் தட்டி வெளியே எடுக்க இன்னும் அரை மணி நேரம் பிடித்தது. சக்கரத்தைப் பங்ச்சர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆட்டோ கூப்பிடலாம் என்று பார்த்தால், அவர் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து மடியில் சக்கரத்தை வைத்துக்கொண்டார். வேங்கிக்காலில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது. அவர் யாருக்கும் தலையைக் குனியவில்லை. பங்ச்சர் கடையில், அவரோடு வேலை பார்த்த ஒருவர், "யாரு சார் இது?" என்று கேட்டார்.

"நம்ம மருமவ. மெக்கானிக்குக்குப் படிச்சிருக்குது" என்றார் மாமா, சாதாரணமாக.

அன்று சாயங்காலம் புது நட்டுப் போட்டு, பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றி, பிரேக், செயின் எல்லாம் பார்த்து வைத்தோம். கிக்கரை இருபது தடவை உதைத்த பிறகு வண்டி இருமிக்கொண்டே உயிர் பெற்றது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வெள்ளை வேட்டி சட்டையில், கைக்கட்டோடு, பேரப்பிள்ளைக்கு வாங்கின துணியை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார். "வர சாயங்காலம் ஆவும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தெருமுனை வரைக்கும் நின்று பார்த்தேன். வண்டி சத்தம் மறையும் வரைக்கும் காதை அதிலேயே வைத்திருந்தேன்.

பன்னிரண்டரைக்கே வண்டி திரும்பி வந்தது.

வழியில் ஏதோ கழன்றுவிட்டது என்று பயந்து ஓடினேன். வண்டி நன்றாகத்தான் இருந்தது. மாமா கால் கழுவிக்கொண்டு, நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"சாதம் இருக்குதாம்மா?"

காது குத்து வீடு, கறி விருந்து. அங்கிருந்து வருகிறவர் சோறு கேட்கிறார். எனக்கு ஒருத்திக்கு என்று கொஞ்சமாகத்தான் வடித்திருந்தேன். முதல்நாள் கத்தரிக்காய்க் குழம்பு மிச்சம் இருந்தது. உட்காரவைத்துப் போட்டேன். மூடி வைக்காமல், பக்கத்தில் நின்று நானே பரிமாறியது அன்றைக்குத்தான். ரெண்டு தடவை வாங்கிக்கொண்டார். மூணாவது தடவைக்குச் சோறு இல்லை. தோசை ஊற்றிப் போட்டேன்.

"விசேஷம் நல்லா நடந்துதா மாமா?"

"ம்... குத்தனாங்க. புள்ள ரொம்ப அழுதான்."

அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஆரணியிலிருந்து வந்த மாமியார்தான் சொன்னார். சொந்தக்காரர்கள் மூலமாக அவர் காதுக்கு வந்திருந்தது. பந்தியில் மாமாவை உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறிவிட்டார்கள். தங்கச்சி பக்கத்தில் வந்து நின்று, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "நல்லவேள அண்ணா, அவளக் கூட்டிக்கினு வராம வந்தியே, அந்த மட்டும் நம்ம மானத்தக் காப்பாத்துன" என்றாராம். மாமா பிசைந்த சோற்றை அப்படியே விட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கிறார். எல்லோரும் பதறிப்போய்ப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்களாம். அவர் சண்டை போடவில்லை. "எனக்குப் பசியில்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த அத்தை எங்கள் வீட்டுப் படியேற அதற்கப்புறம் மூணு வருஷம் ஆனது. மாமாவும் பேச்சில் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை, இன்றைக்கும் போனில் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். வேங்கிக்காலில் அந்தக் காலி மனைகளில் எல்லாம் வீடு வந்துவிட்டது, ஜன்னலிலிருந்து மலை பாதிதான் தெரிகிறது என்று மாமியார் சொல்கிறார். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்று யாராவது கேட்டால் ரிஜிஸ்டர் ஆபீஸ் கணக்கைத்தான் சொல்கிறேன். ஆனால் நான் அந்த வீட்டு மருமகளானது, பசியில்லை என்று பந்தியிலிருந்து எழுந்து வந்த ஒரு மனுஷனுக்கு மிச்சக் குழம்பை ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாமல் தோசைக்கல்லை அடுப்பில் போட்ட அந்த மத்தியானத்தில்தான்.